அமுங்கிப்போன மைக்

அத்தியாயம் 17

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, நூலக மாடியில் இருக்கும் கிளப் அறையைத் திறக்கும்போதே, மாத்திரை என்று எல்லாரும் கூப்பிடும் அவளுக்குப் பயமாக இருந்தது. அதற்குக் காரணங்கள் இரண்டு.

முதல் காரணம் ஊரறிந்தது. அன்று அறுபது கிலோமீட்டர் சைக்கிள் பந்தயம். பாதையில் பாதி கல்குவாரிக்குப் பின்னால் போகிறது. அங்கே செல்போன் எடுக்காது. அதனால் வருஷா வருஷம், பொழுதுபோக்காகச் சொந்த ரேடியோ செட் வைத்துப் பேசுகிறவர்களின் ஹாம் ரேடியோ கிளப்தான் வழிநெடுக ஆள் நிறுத்திச் செய்தி அனுப்பும். இந்த முறை மொத்தம் பத்தொன்பது நிலையங்கள். அத்தனைக்கும் நடுவில் உட்கார்ந்து, யார் எப்போது பேசலாம், யார் எங்கே போகவேண்டும் என்று சொல்கிற ஆளுக்குக் கண்ட்ரோல் என்று பெயர். அன்றைக்கு மட்டும் கண்ட்ரோல் சொன்னால் தலைவரானாலும் எழுந்து போக வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. லைசன்ஸ் வாங்கி நான்கே மாதம் ஆன மாத்திரையை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள்.

இரண்டாவது காரணம் அவளைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

முந்தின நாள் மாலை அவள் மருந்துக்கடையில் ஒரு பெரியவருக்கு இருமல் மருந்தைக் காட்டி, "ராத்திரி மட்டும் ஒரு மூடி" என்று மூன்றாவது தடவையாகச் சொல்லிக் கொண்டிருந்தபோது தம்பி வந்து நின்றான். பெரியவர் நகரும் வரை காத்திருந்தான்.

"அக்கா, நாளைக்குப் பந்தயம் முடிஞ்சு எல்லாரும் கூடுவாங்க இல்லையா, அப்ப சொல்லிடப் போறேன். நான் கிளப்பை விட்டு விலகறேன்."

"டேய், கொஞ்சம் பொறுடா."

"ஏழு மாசம் பொறுத்தாச்சு. தலைவலி மாத்திரை ஒரு அட்டை கொடு."

கொடுத்தாள். அவன் போய்விட்டான். தலைவலி அவளுக்கு வந்தது.

இந்த வாரம்தான் இந்தக் கதைக்குள் காலை வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கிளப்பில் ஆளுக்கொரு அழைப்புக்குறி உண்டு. எழுத்தும் எண்ணுமாக இருக்கும் அது சட்டத்துக்கு. வாய்க்கு வசதியாக ஆளுக்கொரு பட்டப்பெயரும் உண்டு. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் மாத்திரை. எந்த உயரத்திலும் சலிக்காமல் ஏறி ஆன்டெனா கட்டுகிற அவள் தம்பி, ஏணி. லிஃப்ட் கம்பெனியில் மேற்பார்வையாளராக இருந்துகொண்டு, மிச்ச நேரத்தில் பதினெட்டு வருஷமாகக் கிளப்பின் செயலாளராக எல்லாரையும் விதி சொல்லியே விரட்டுகிற அவள் கணவர், விதிமுறை.

ஏழு மாதத்துக்கு முன் கிளப்புக்குத் தலைவர் தேர்தல் நடந்தது. ஏணி நின்றான். எதிரே நின்றவர் பல் டாக்டர். கை தூக்கி ஓட்டுப் போடுவது வழக்கம். ஏணி ஒரே ஓட்டில் தோற்றான். பல் டாக்டருக்காக உயர்ந்த கைகளை எண்ணிக்கொண்டே வந்தவன், கடைசி வரிசையில் சொந்த அத்தானின் கையைப் பார்த்தான்.

அன்றோடு பேச்சு வார்த்தை அறுந்தது. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. எதிரே பார்த்தால் இருவருக்கும் செருப்பு வார் அவிழ்ந்துவிடும், குனிந்துகொள்வார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஒரு இடம். ஞாயிறு காலை ரேடியோவில் ஆஜர் எடுக்கும்போது, கூப்பிட்டவருக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும் என்பது கிளப்பின் விதி. "உங்கள் சிக்னல் தெளிவாக இருக்கிறது, நன்றி" என்பார் இவர். "உங்களுடையதும் தெளிவு, நன்றி" என்பான் அவன். வாரத்துக்கு ஒரு நன்றி. அதை வைத்துத்தான் மாத்திரை ஏழு மாதமாக மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள். ஏணி கிளப்பை விட்டுப் போனால் அந்த ஒரு நன்றியும் நின்றுவிடும்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே?" என்று கேட்டுக்கொண்டே விதிமுறை உள்ளே வந்தார். பின்னாலேயே அவர்கள் மகள், பத்தாவது படிக்கும் வாலு, தோளில் தண்ணீர் கேனும் கையில் பிஸ்கட் பையுமாக.

அப்பாவுக்கும் பெண்ணுக்கும் அன்று கடைசிக் காரில் வேலை. பந்தயத்தில் கடைசியாக வருகிற சைக்கிளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து போய், களைத்து விலகுகிறவர்களின் எண்ணைக் குறித்து அனுப்ப வேண்டும்.

"ஒண்ணுமில்ல. பயமா இருக்கு," என்றாள். அது பாதி உண்மைதானே.

"எதுக்குப் பயம்? எல்லாருக்கும் விதி தெரியும். யாராவது எசகுபிசகாப் பண்ணினா அதைக் காட்டு." அவர் சுவரைக் காட்டினார்.

சுவரில் நிலையத்துக்கு ஒரு ஊசி குத்திய பாதையின் வரைபடமும், அதன் பக்கத்தில் சட்டம் போட்ட ஒரு தாளும் தொங்கின. 'மைக்கின் பட்டனை அறியாமல் அமுக்கி வைத்துச் சேனலை அடைப்பவர், அன்று வந்த அனைவருக்கும் டீயும் பிஸ்கட்டும் வாங்கித் தரவேண்டும். விளக்கம் ஏற்கப்படாது. இப்படிக்கு, செயலாளர்.' போன வருஷம் மைக்கைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடிய போட்டோக்காரர், ஸ்டூடியோவை அடைத்துவிட்டு வந்து இருபது பேருக்கு டீ வாங்கினார். அவருடைய பட்டப்பெயர் ஃபிளாஷ். அந்தப் பாட்டை இன்னும் யாரும் மறக்கவில்லை.

"பத்திரமாப் போயிட்டு வாங்க," என்றாள் மாத்திரை.

"அம்மா, குரலை மருந்துக்கடைல பேசற மாதிரி வச்சுக்கோ. எல்லாரும் பயந்துக்குவாங்க," என்றது வாலு.

ஏழு மணிக்கு விசில் ஊதிச் சைக்கிள்கள் கிளம்பின.

முதல் இரண்டு மணி நேரம் மாத்திரைக்குத் தன்மேலேயே ஆச்சரியம். மேஜைமேல் இரண்டு செட்டுகள். இடது பக்கம் முதல் சேனல், வலது பக்கம் அவசரத்துக்கான இரண்டாவது சேனல். பெட்ரோல் பங்க் கூப்பிட்டது, பாலம் கூப்பிட்டது, குவாரி வளைவில் நின்ற ஏணி, "கண்ட்ரோல், முதல் ஆறு பேர் தாண்டிட்டாங்க" என்று வறண்ட குரலில் சொன்னான். எல்லாவற்றுக்கும் சட்டென்று பதில் கொடுத்தாள். தலைவர் பல் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டே, "பிரமாதம்மா, வலிக்கவே இல்ல," என்றார். அவருக்குத் தெரிந்த பாராட்டு அதுதான்.

ஒன்பது இருபத்தைந்துக்கு இடது செட்டில் 'டக்' என்று ஒரு சத்தம். தொடர்ந்து ஒரு கார் இன்ஜினின் முனகல். பிறகு தெள்ளத் தெளிவாக ஒரு குரல்.

"இவர் சைக்கிளை ஓட்டறாரா, சைக்கிள் இவரை ஓட்டுதான்னே தெரியல. இந்த வேகத்துல போனா நாம இன்னிக்கு மத்தியானச் சாப்பாட்டை நாளைக்குத்தான் சாப்பிடுவோம்."

விதிமுறையின் குரல்.

"பாவம்ப்பா, முடிச்சே தீருவேன்னு வந்திருக்கார். ஹார்ன் அடிக்காதீங்க." இது வாலு.

மாத்திரையும் தலைவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காரில் மைக் கொக்கியிலிருந்து நழுவி, எங்கோ சீட்டுக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பட்டன் அமுங்கிவிட்டது. பட்டன் அமுங்கியிருக்கும் வரை காரில் பேசுவதெல்லாம் பத்தொன்பது நிலையத்துக்கும் கேட்கும். வேறு யாரும் அந்தச் சேனலில் பேச முடியாது. பேசினாலும் காரில் இருப்பவருக்குக் கேட்காது. புது செட்டுகள் மூன்று நிமிடத்தில் தாமாக அடங்கிவிடும். விதிமுறையின் செட் அவருடைய கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது.

"ஆமா, என்ன இன்னிக்கு ரேடியோல ஒரு சத்தத்தையும் காணோம்?" என்றது வாலுவின் குரல்.

"எல்லாரும் ஒழுங்கா இருக்காங்கன்னு அர்த்தம். பதினெட்டு வருஷமாக் கத்தினதுக்கு இன்னிக்குத்தான் பலன் கிடைச்சிருக்கு."

தலைவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

"தலைவர் வாயைத் திறக்கலன்னாலே பாதி அமைதி வந்துடும். கூட்டத்தைக்கூடக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கற மாதிரி இழுத்து இழுத்துத்தான் முடிப்பார் மனுஷன்."

தலைவர் சிரிப்பை நிறுத்தினார்.

மாத்திரைக்குக் காது மடல் சூடாகியது. சேனல் ஒரு நிமிடத்துக்கு மேல் அடைபட்டால், யாரும் சொல்லாமலே எல்லாரும் இரண்டாவது சேனலுக்கு மாற வேண்டும் என்பது விதி. அதை எழுதியவரும் சாட்சாத் விதிமுறைதான். அவள் வலது பக்க மைக்கை எடுத்தாள்.

"எல்லா நிலையங்களுக்கும் கண்ட்ரோல். இரண்டாவது சேனல்ல இருக்கேன். பதில் சொல்லுங்க."

ஒரு பதிலும் இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். ஊஹூம். விதியாவது ஒன்றாவது; அத்தனை பேரும் முதல் சேனலில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இப்படி ஒரு நிகழ்ச்சியை எந்த வானொலியில் போடுவார்கள்?

"அப்பா, குவாரி வளைவு வரப்போகுது. மாமா நிப்பார். இன்னிக்காவது பேசுங்களேன்."

"வாரா வாரம் ரேடியோல பேசறோமே."

"'சிக்னல் தெளிவு, நன்றி'. அதுக்குப் பேரு பேச்சாப்பா?"

மாத்திரை வலது மைக்கைப் பிடித்தபடியே இடது செட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்ப்பா அன்னிக்கு அவருக்கு எதிராக் கை தூக்கினீங்க?"

இதே கேள்வியை அவள் ஏழு மாதத்தில் எழுபது தடவை கேட்டிருப்பாள். ஒவ்வொரு தடவையும் விதிமுறை செய்தித்தாளைப் புரட்டினார். இப்போது கையில் ஸ்டீயரிங் இருந்தது. புரட்டச் செய்தித்தாள் இல்லை.

"புயல் வந்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். மூணு நாள் ஊர்ல போன் கிடையாது, கரண்ட் கிடையாது. கொட்டற மழைல தண்ணித் தொட்டி மேல ஏறி ஆன்டெனா கட்டினது யாரு? உன் மாமன். கீழ கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நான் நின்னேன். எனக்குத்தான் கை நடுங்குச்சு, அவனுக்கு இல்ல. அப்பேர்ப்பட்டவனைத் தூக்கி நாற்காலில உட்கார வச்சா என்ன ஆகும்? கூட்டம், கையெழுத்து, கடிதம், அதிகாரி வீட்டு வாசல். மத்ததெல்லாம் பல் டாக்டர் பார்ப்பார். ஆன்டெனா கட்ட யாரு இருக்கா?"

"ஆஹா," என்றார் தலைவர் மெல்ல. அவருக்கு இது பாராட்டா வசையா என்று முடிவுக்கு வர முடியவில்லை.

அப்போது வலது செட் உயிர் பெற்றது. பாலத்தில் நின்ற பேக்கரிக்காரர், பட்டப்பெயர் ரொட்டி. பத்தொன்பது பேரில் விதிப்படி சேனல் மாறியவர் அவர் ஒருவர்தான்.

"கண்ட்ரோல், பாலம். ஒருத்தர் விழுந்துட்டார். முழங்கால் கிழிஞ்சு ரத்தம் நிக்கல. ஆம்புலன்ஸ் வேணும்."

மாத்திரையின் கை தானாக வேலை செய்தது. ஆம்புலன்ஸ் பெட்ரோல் பங்கில் நிற்கிறது. அதோடு ரேடியோ வைத்துக்கொண்டு நிற்பவர் ஃபிளாஷ். அவர் எந்தச் சேனலில் இருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. நல்லவேளையாக அங்கே செல்போன் எடுக்கும். போனைப் போட்டாள்.

"அக்கா, கேக்கறீங்களா, இப்பத்தான்..." என்று அவர் ஆரம்பித்தார்.

"பாலத்துல அடிபட்டிருக்கு. வண்டியைக் கிளப்புங்க. ரத்தம் வர்ற இடத்தைச் சுத்தத் துணியால அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்க. ரெண்டாவது சேனலுக்கு வாங்க. வெட்கமா இல்லையா உங்களுக்கு?"

போனிலேயே அவர் ஓடுகிற சத்தம் கேட்டது. ரொட்டிக்கும் அதையே சொன்னாள். நான்கு நிமிடத்தில் ஆம்புலன்ஸ் பாலத்துக்குப் போய்விட்டது, கட்டுப் போடுகிறார்கள், எலும்புக்கு ஒன்றுமில்லை என்று பதில் வந்தது. அவள் மூச்சை விட்டாள். அதற்குள் இடது செட்டில் பேச்சு எங்கேயோ போயிருந்தது.

"அதெல்லாம் சரிப்பா. அதை முன்னாடியே மாமாகிட்ட சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?"

"ஏன்னா, அது முக்கால் உண்மை."

"மீதிக் கால்?"

விதிமுறை தொண்டையைச் செருமினார்.

"பொறாமை. வேற என்ன? பதினெட்டு வருஷமா நான் செயலாளர். ஒருத்தர்கூட என்னைத் தலைவரா நில்லுங்கன்னு சொன்னதில்ல. அவனை ஆறு வருஷம் முன்னாடி கையைப் பிடிச்சுக் கிளப்புக்குள்ள கூட்டிட்டு வந்தவன் நான். எல்லாரும் அவன் பேரைச் சொன்னாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுது. கை மேல போயிடுச்சு. போன கையை இறக்கறதுக்குள்ள எண்ணிட்டாங்க."

தலைவர் பேனாவை மூடி நோட்டின்மேல் வைத்தார். மாத்திரைக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் இந்த மனிதர் தப்பு செய்தேன் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. இப்போது ஊர் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருக்கிறார், அவருக்கே தெரியாமல்.

இதை முதலில் நிறுத்த வேண்டும். பாவம், மனுஷன் சட்டையைக் கழற்றி நடுத்தெருவில் நிற்பது தெரியாமல் நிற்கிறார். குவாரிப் பாதையில் போன் போகாது. யாராவது நேரில் போய்க் கண்ணாடியைத் தட்டினால்தான் உண்டு. வரைபடத்தைப் பார்த்தாள். காருக்கு மிக அருகில் இருக்கும் ஊசி, குவாரி வளைவில் குத்திய பச்சை ஊசி.

"குவாரி வளைவு, கண்ட்ரோல்."

பதில் இல்லை. அவன் முதல் சேனலில் இருக்கிறான். தன்னைப் பற்றிய பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். திரும்பக் கூப்பிட்டாள். ஐந்தாவது தடவை கூப்பிட்டபோது வலது செட் கரகரத்தது.

"கண்ட்ரோல், குவாரி வளைவு."

"கடைசிக் கார் உங்ககிட்டேருந்து ரெண்டு கிலோமீட்டர் கீழ வந்துக்கிட்டிருக்கு. மைக் அமுங்கியிருக்கு. பைக்கை எடுத்துக்கிட்டுப் போய் நேர்ல சொல்லணும்."

"நானா?"

"நீங்கதான் பக்கத்துல."

"கண்ட்ரோல், வேற யாராவது..."

அக்காவாக இருந்தால் கெஞ்சியிருப்பாள். நேற்று கெஞ்சித்தான் பார்த்தாள். இன்று அவள் அக்கா இல்லை.

"வேற யாரும் இல்ல. உங்க இடத்தை ரொட்டியோட பையன் பார்த்துப்பான், அவன் அங்கதான் தண்ணி கொடுத்துக்கிட்டிருக்கான். கிளம்புங்க."

அவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி கண்ட்ரோல்," என்றான் ஏணி.

பைக்குக்கு ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஐந்து நிமிடமும் மாத்திரைக்கு நகரவில்லை. ஃபிளாஷ் பயந்துபோய் மற்ற எல்லாரையும் போனிலும் கூச்சலிலும் விரட்டியதில், ஒவ்வொரு நிலையமாகத் தலையைக் குனிந்துகொண்டு இரண்டாவது சேனலுக்கு வந்து சேர்ந்தது. ஒரு காதால் அவர்களுக்குப் பதில் சொன்னாள். மற்றொரு காது காரில் இருந்தது.

"அப்பா, பிஸ்கட் எடுத்துக்கோங்க. அது இருக்கட்டும், அந்த விஷயத்தை அம்மாகிட்ட எப்ப சொல்லப் போறீங்க?"

மாத்திரை நிமிர்ந்தாள்.

"சாயங்காலம் சொல்றேன்."

"பத்து நாளா இதையேதான் சொல்றீங்க."

"இன்னிக்கு அவ நாள்டா. எத்தனை மாசமாப் படிச்சா, எவ்வளவு ஆசையா வந்து உட்கார்ந்திருக்கா. அதைப் போய்க் கெடுக்கச் சொல்றியா? பந்தயம் முடியட்டும்... இது யாரு, எதிர்ல பைக்ல? உன் மாமனா? இவன் ஏன் இங்க..."

பிரேக் கிறீச்சிட்டது. கண்ணாடியைத் தட்டும் சத்தம். கண்ணாடி இறங்கும் சத்தம். பிறகு, ஏழு மாதத்தில் முதல் தடவையாக அழைப்புக்குறி இல்லாமல், நன்றி இல்லாமல், ஒரு சொல்.

"அத்தான்."

'டக்'. சேனல் அடங்கியது.

"அட, நல்ல இடத்துல கட் பண்ணிட்டானே," என்று எந்த நிலையமோ முனகியது. யார் என்று மாத்திரை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கடைசிக் காரிலிருந்து பத்து நிமிடத்துக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. பத்தாவது நிமிடம் விதிமுறையின் குரல், கம்பீரம் பாதியாகக் குறைந்து வந்தது: "கண்ட்ரோல், கடைசிக் கார். கடைசி சைக்கிள் குவாரி வளைவைத் தாண்டிட்டார். ஏணியும் இந்தக் கார்லதான் வர்றார். அவர் பைக்கை அங்கேயே பூட்டி வச்சிருக்கு."

"சரி, கடைசிக் கார்," என்றாள் மாத்திரை. குரல் மருந்துக்கடைக் குரலாகவே இருந்தது. எப்படி அப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது.

பன்னிரண்டு மணிக்குக் கடைசி சைக்கிள்காரரும் வந்து சேர்ந்தார். முடித்துவிட்டேன் முடித்துவிட்டேன் என்று எல்லார் கையையும் பிடித்துக் குலுக்கினார். நூலக வாசலில் நாற்காலிகளை வளைத்துப் போட்டுக் கிளப் கூடியது. விதிமுறை வந்தபோது ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் ஒரே சமயத்தில் செருப்பு வார் அவிழ்ந்துவிட்டது. அவர் நேராகத் தலைவரிடம் போனார்.

"டாக்டர், நான் கார்ல சொன்னது..."

"விளக்கம் ஏற்கப்படாது," என்றார் தலைவர். முதலில் சிரித்தது அவர்தான். பிறகு கூட்டமே சிரித்தது. விதிமுறையும் காதைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

தலைவர் பந்தயத்தைப் பற்றி நான்கே வாக்கியம் பேசினார். இழுக்கவில்லை. கண்ட்ரோலுக்கு நன்றி சொன்னபோது கை தட்டினார்கள். கடைசியில் வழக்கம்போல, "யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கா?" என்று கேட்டார்.

ஏணி எழுந்தான்.

மாத்திரை தம்பியையே பார்த்தாள். விலகுகிறேன் என்று சொல்லிவிடுவானோ? காரில் என்ன பேசிக்கொண்டார்களோ, ஒன்றும் தெரியவில்லையே.

"ஒண்ணு சொல்லணும்," என்றான் ஏணி. நெட்டையாக நின்றபடி தரையைப் பார்த்தான். "நேத்து வரைக்கும் சொல்லணும்னு நினைச்சது வேற. அது வேண்டாம். எங்க அத்தான் இன்னிக்கு எல்லாருக்கும் டீ வாங்கணும். இருபத்தி மூணு டம்ளரை ஒத்தை ஆளாத் தூக்க முடியாது. நான் கூடப் போயிட்டு வரேன்."

அவ்வளவுதான். உட்காரக்கூட இல்லை, நடக்க ஆரம்பித்துவிட்டான். விதிமுறை பின்னாலேயே ஓடினார். தெருமுனை டீக்கடை வரை இரண்டு முதுகுகளும் பக்கத்தில் பக்கத்தில் போவதை மாத்திரை பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுகை வந்தது. அழுதாள். ரொட்டி பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

டீ வந்தது, பிஸ்கட் வந்தது. இரண்டு பேரும் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, கடைசி டம்ளரோடு அவளிடம் வந்தார்கள். வாலுவும் எங்கிருந்தோ வந்து அம்மாவின் நாற்காலிக் கையில் உட்கார்ந்துகொண்டது.

"சாயங்காலம் வரைக்கும் வேண்டாம்," என்றாள் மாத்திரை. "பத்து நாளாச் சொல்லாத விஷயத்தை இப்பவே சொல்லுங்க. ஏதோ விஷயம் இருக்குன்னு பத்தொன்பது நிலையத்துக்கும் தெரியும், என்னன்னு எனக்கே தெரியாது."

விதிமுறை மைத்துனனைப் பார்த்தார். மைத்துனன் சொல்லுங்க என்பதுபோல் தலையை ஆட்டினான். அடடா, அதற்குள் எவ்வளவு ஒற்றுமை.

"கம்பெனில எனக்கு மாற்றல் போட்டிருக்காங்க. எண்ணூறு கிலோமீட்டர். துறைமுகத்துக்குப் பக்கத்துல புதுசா முப்பது மாடிக் கட்டடம் நாலு. மூணு வருஷ வேலை. அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி அங்க இருக்கணும்."

அவள் டீயைக் கீழே வைத்தாள்.

"ஆனா நீ கவலைப்படாதே," என்று வேகமாகத் தொடர்ந்தார். "கார்லயே நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து எல்லாம் பேசிட்டோம். நான் தனியாப் போறேன். நம்ம வீட்டை விட்டுடலாம். நீயும் வாலுவும் இவன் வீட்டு மாடிப் போர்ஷன்ல இருந்துக்கலாம். காலியாத்தான் இருக்கு."

"வெள்ளை அடிக்க நாளைக்கே ஆள் வரச் சொல்றேன்க்கா," என்றான் ஏணி. "உன் ஆன்டெனாவையும் நானே மொட்டை மாடில கட்டித் தரேன்."

மாத்திரை இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏழு மாதமாக இவர்களைப் பேச வைக்க அவள் படாத பாடு பட்டாள். பேசிய முதல் பத்து நிமிடத்தில் அவளையும் பெண்ணையும் மாடிப் போர்ஷனில் குடி வைத்து, வெள்ளையும் அடித்துவிட்டார்கள். சிரிப்பு வந்தது. சிரிப்பை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

"என்னை யாராவது கேட்டீங்களா?"

அத்தானும் மைத்துனனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு நிலையத்தைக் கூப்பிட மறந்தது இருவருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"இல்லம்மா, உனக்கு வேலை இருக்கு, இவளுக்குப் பரீட்சை இருக்கு, அதனால..."

"கம்பெனிக்குப் பதில் எப்ப கொடுக்கணும்?"

"நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள. குடும்பத்தோடவா, தனியாவான்னு எழுதிக் கொடுக்கணும்."

அவள் கையை நீட்டினாள். "கார் சாவி."

"எங்க போறே?"

"இன்னிக்குப் பொழுது போற வரைக்கும் நான் கண்ட்ரோல். கண்ட்ரோலைக் கேள்வி கேக்கக் கூடாது. ரெண்டு பேரும் பின்னாடி உட்காருங்க. வாலு, நீ முன்னாடி வா."

இருவரும் மறுபேச்சுப் பேசாமல் பின் சீட்டில் ஏறி, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். வாலு சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, வாயைப் பொத்திச் சிரித்தது. மாத்திரை கண்ணாடியைச் சரி செய்து, காரைக் கிளப்பி, நூலகத் தெருவைத் தாண்டினாள். வீட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். தம்பி வீட்டுக்கு வலது பக்கம்.

அவள் இரண்டு பக்கமும் திரும்பவில்லை. நேராகப் போனாள்.